சங்கக் கணக்கு கணனிக்குள் எங்கே இருக்கிறது?



காசேடு எழுதுவது, பற்றுச்சீட்டுகளை இலக்கமிட்டு வைப்பது என்பவை பற்றி இப்பக்கத்தில் முன்னர் பேசியிருக்கிறோம். அவற்றைப் படித்துவிட்டுச் சில சங்கங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "எங்கள் சங்கத்துக்கு ஒரு கணனி கிடைத்திருக்கிறது. கணக்கை அதிலேதான் பதிகிறோம். ஆனால் பதிகிற பிள்ளை வராத நாளில் எங்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?" இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

சங்கங்களுக்குக் கணக்கு உதவிக்காகப் போகும்போது நான் முதலில் கேட்பது, "உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது?" என்பதைத்தான். எல்லோரும் கணனியைக் காட்டுவார்கள். "கணனிக்குள் எந்த இடத்தில்?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். காசேட்டில் எழுதிய காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. கொப்பி அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. திறப்பு பொருளாளரிடம் இருந்தது. எழுத்து வாசிக்கத் தெரிந்த எவரும் எடுத்துப் பார்க்க முடிந்தது. கணனி வந்ததும் வேலை இலகுவாகியது, ஆனால் கணக்கு எங்கள் கண்ணுக்கு மறைவாகிவிட்டது.

வன்னியில் ஒரு மாதர் சங்கம். அறுபதுக்கும் அதிகமான அங்கத்தவர்கள். சுழற்சிக் கடன் கொடுத்து, தவணைக் காசு வாங்கி, சிறு சேமிப்பும் நடத்துகிறார்கள். கணக்குப் பதிந்து வந்த பிள்ளை திருமணமாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக வந்த பிள்ளை வேலை செய்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. மறுநாள் மென்பொருளைத் திறந்தபோது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் வெறும் ஏடு வந்தது. ஓர் இலக்கம்கூட இல்லை.

"கணக்கைக் காணேல்லையாம்" என்ற கதை, "காசைக் காணேல்லையாம்" என்று மாறுவதற்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. பொருளாளர் கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். "நான் ஒரு சதமும் எடுக்கேல்லை அக்கா. ஆனா எதைக் காட்டி அதைச் சொல்லுறது?" என்று என்னிடம் கேட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது பழைய கோப்பு அதே கணனியில், வேறொரு கோப்புறைக்குள் அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளை அழுத்திய பொத்தான் ஒரு புதிய வெற்றுக் கணக்கைத் திறந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. தேடி எடுக்க அரை மணித்தியாலமும் செல்லவில்லை. கையிருப்பும் வங்கி மீதியும் சதம் பிசகாமல் பொருந்தின. ஆனால் அதற்கு முன்னர் ஐந்து நாட்களாக அந்தப் பெண் கேட்ட சொற்களை யார் திருப்பி எடுப்பது? கோப்பு இருக்கும் இடம் அவருக்கும் தலைவிக்கும் செயலாளருக்கும் தெரிந்திருந்தால் அந்த ஐந்து நாட்கள் வந்திருக்காது.

ஆகவே சங்கக் கணக்கு எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைக் குறைந்தது மூன்று பேர் அறிந்திருக்க வேண்டும். இதற்குக் கணனி வகுப்புக்குப் போயிருக்கத் தேவையில்லை. ஒரு வீட்டின் விலாசத்தை அறிந்து வைத்திருப்பது போன்ற விடயம்தான் இது.

நான்கையும் பிரித்து அறியுங்கள்

முதலில், கணனியிலே நாம் "கணக்கு" என்று சொல்வதில் நான்கு வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன. மென்பொருள் என்பது தையல் மெஷின் போன்றது. பழுதானால் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். தரவுக் கோப்பு என்பது நீங்கள் தைத்து வைத்த துணி. உங்கள் உழைப்பு முழுவதும் அதிலேதான் இருக்கிறது. அறிக்கை என்பது அந்தத் துணியைப் பிடித்த படம். பரீட்சை மீதி, ஐந்தொகை என்று அச்செடுப்பவை இவை. படத்தைப் பார்க்கலாம், அதிலிருந்து துணியைத் திரும்ப எடுக்க முடியாது. நான்காவது காப்புப் பிரதி. துணியை மடித்து வேறொரு பெட்டியில் வைத்திருப்பது போன்றது.

"எல்லாம் பென் டிரைவில் இருக்கு அக்கா" என்று கொண்டுவந்து காட்டுவார்கள். திறந்து பார்த்தால் அறிக்கைகள் மட்டுமே இருக்கும். சில வேளை டெஸ்க்டொப்பில் இருந்த குறுக்குவழிப் படத்தை மட்டும் பிரதி செய்திருப்பார்கள். அந்தப் படம் கோப்பைத் திறக்கும் கதவுதான், அதனுள் கணக்கு இல்லை. நான்கையும் பிரித்து அறிந்துவிட்டால் இப்படி ஏமாற நேராது.

உங்கள் மென்பொருள் எங்கே வைக்கிறது?

டாலி பயன்படுத்தும் சங்கங்கள் கவனியுங்கள். டாலி ஒரு சங்கத்தின் கணக்கை ஒரே கோப்பாக வைப்பதில்லை. 10000, 10001 என்பது போல இலக்கத்தை மட்டும் பெயராகக் கொண்ட கோப்புறை ஒன்றை உண்டாக்கி, அதற்குள் பல கோப்புகளை வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எது சங்கத்தின் கணக்கு, எது தையல் நிலையத்தின் கணக்கு என்று தெரியாது. கணக்கைத் தெரிவு செய்யும் திரையில் அந்த இலக்கமும் தரவு இருக்கும் பாதையும் காட்டப்படும். அவற்றைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிரதி எடுப்பதாக இருந்தால் கோப்புறையை முழுமையாக எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் எடுத்தால் பயனில்லை. இலக்கப் பெயரை மாற்றவும் வேண்டாம். இன்னொன்று: டாலியில் புதிய கணக்கைத் தொடங்கும்போது நிதி ஆண்டு ஏப்ரல் 1 என்று வந்து நிற்கும். உங்கள் சங்கம் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு முடிப்பதானால் அதைத் தொடக்கத்திலேயே மாற்றுங்கள்.

குனூகாஷ் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். சிறு சங்கத்துக்குப் போதுமானது. வழமையான முறையில் அது கணக்கு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய நிலையின் பிரதி ஒன்றை, திகதியும் நேரமும் சேர்ந்த 14 இலக்கங்களைப் பெயரில் ஒட்டி, அதே கோப்புறையில் வைத்துவிடும். அமைப்பை மாற்றாவிட்டால் இவை 30 நாட்கள் இருக்கும். சில நாட்களில் கோப்புறை நிறைந்துவிடும். பதிகிற பிள்ளை குழம்பிப்போய் எதையாவது அழித்துவிடுவாள், அல்லது பழைய பிரதியைத் திறந்து பதியத் தொடங்குவாள். நீண்ட இலக்கம் இல்லாத, குறுகிய பெயருடைய கோப்புத்தான் நடப்புக் கணக்கு. அதை மட்டும் திறவுங்கள்.

இதிலே மின்சாரம் நின்றுபோனால் பூட்டுக் கோப்பு ஒன்று மிஞ்சிவிடும். அடுத்த முறை திறக்கும்போது, வேறொருவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம் என்று எச்சரிக்கை வரும். வேறு எந்தக் கணனியிலும் அது திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு 'ஓப்பன் எனிவே' என்பதை அழுத்துங்கள். புதிய கோப்பை உண்டாக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டாலும் பதற வேண்டாம். பழையது அழியவில்லை.

குவிக்புக்ஸ் கணனியில் நிறுவிப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. கியூ.பி.டபிள்யூ. என்று முடிவது நடப்புக் கோப்பு. கியூ.பி.பி. என்று முடிவது காப்புப் பிரதி. இரண்டையும் மாற்றிப் பிடிக்காதீர்கள்.

ஒரு தாய்க் கோப்புறை, ஐந்து தட்டுகள்

கோப்புறையை அலுமாரி என்று நினையுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு தாய்க் கோப்புறை போதும். அதற்குள் ஐந்து தட்டுகள். 1 நடப்புக் கணக்கு. 2 காப்புப் பிரதி. 3 அறிக்கைகள். 4 பற்றுச்சீட்டுப் படங்கள். 5 முடிந்த வருடங்கள். பெயருக்கு முன் இலக்கம் போட்டால் எப்போதும் இதே ஒழுங்கில் நிற்கும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது திகதியை வருடத்தில் தொடங்குங்கள். 2026-03-31 கணக்கு என்பது போல. நாளில் தொடங்கினால் எல்லா மாதங்களின் 31ஆம் திகதியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். மாதப் பெயரில் தொடங்கினால் அகர வரிசைப்படி ஏப்ரலும் ஒக்டோபரும் ஜனவரிக்கு முன்னால் வந்து நிற்கும். வருடத்தில் தொடங்கினால் காலம் போன ஒழுங்கிலேயே அடுக்கப்படும். "புதிசு", "கடைசி", "உண்மையான கடைசி" என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். அடுத்த மாதம் உங்களுக்கே எது கடைசி என்று தெரியாது.

பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாமினியில் அடித்த பெயர் கோப்பின் பெயராக வரும்போது ஆங்கில எழுத்துகளின் கலவையாகத்தான் தெரியும். யுனிகோட் தமிழில் அடியுங்கள், அல்லது எளிய ஆங்கில எழுத்தில் வையுங்கள். மென்பொருள் நேரடியாகத் திறக்கும் நடப்புக் கோப்புறைக்கு ஆங்கில எழுத்தே பாதுகாப்பு, ஏனெனில் பழைய மென்பொருட்கள் சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயர் ஒத்துவராது.

நடப்புக் கணக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பொருளாளர் ஒரு பிரதியைத் தன் மகனின் மடிக்கணனியிலும், பிள்ளை இன்னொன்றை அலுவலகக் கணனியிலும் வைத்துப் பதிந்தால் இரண்டு கணக்குகள் உண்டாகிவிடும். அவற்றைப் பின்னர் ஒன்றாக்குவது பெரிய தலையிடி. எழுதுவது ஓர் இடத்தில், மற்றவை பார்ப்பதற்கு மட்டும் என்று தீர்மானம் எடுங்கள்.

பிரதி ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது

இதை உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயரும்போதெல்லாம் நெஞ்சோடு சேர்த்துக் கொண்டு போனவர்கள் நாம். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளிலும், 2009இல் விட்டுவிட்டு ஓடிய பதுங்குகுழிகளிலும் எத்தனை பேரின் பத்திரங்கள் போயின! பின்னர் நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்றபோது, எங்கேயாவது ஒரு பிரதி மிஞ்சியிருந்தவர்களுக்கு அலைச்சல் குறைந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் அதே பாடத்தை மீண்டும் சொல்லிவிட்டுப் போனது.

கணக்குக்கும் அதே முறைதான். ஒன்று கணனியில். இரண்டாவது பென் டிரைவில், கணனி இல்லாத வேறொரு வீட்டில். செயலாளரின் வீடாக இருக்கலாம். இரண்டு பென் டிரைவ்கள் வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தினால் ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். மூன்றாவது ஊருக்கு வெளியே. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, இணையச் சேமிப்பில் மாதம் ஒரு முறை ஏற்றி வைக்கலாம். பதிகிற பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் வைக்க வேண்டாம். பிள்ளை போகும்போது கணக்கும் போய்விடும்.

பதிந்த நாளெல்லாம் ஒரு பிரதி எடுங்கள். மாதக் கடைசிப் பிரதியைத் தனியாக, திகதியிட்ட கோப்புறையில் வையுங்கள். டாலி ஈ.ஆர்.பி. 9 இன்னும் பயன்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அது எடுக்கும் காப்புப் பிரதிக்கு எப்போதும் ஒரே பெயர்தான். அதே கோப்புறைக்குள் மறுபடி எடுத்தால் முந்தையதை அழித்துவிட்டு எழுதும். இன்று கணக்கில் பிழை ஏற்பட்டிருந்தால் பிழையான பிரதி மட்டுமே கையில் மிஞ்சும்.

எடுத்த பிரதி திறக்குமா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். வேறொரு கணனியிலோ வேறொரு கோப்புறையிலோ மீட்டுப் பார்க்க வேண்டும். நடப்புக் கணக்கின் மேலேயே மீட்டால் இருப்பதும் அழிந்துவிடும். மீட்டதும் கையிருப்பு மீதியைக் காசேட்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் நிம்மதியாக இருக்கலாம்.

கணனியைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் பிரதி எடுக்காமல் கடைக்கு அனுப்பாதீர்கள். "போர்மட் பண்ணினால் சரியாகும்" என்று சொல்லிச் சுத்தமாகத் துடைத்துத் தந்துவிடுவார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் நின்றதும் வேலையைச் சேமித்து மூடுவதற்குச் சில நிமிடங்கள் தரும் யூ.பி.எஸ். ஒன்று இருந்தால் நல்லது. நன்கொடையாகக் கிடைத்த பழைய கணனிகளையும் யோசியுங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020இலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. என்றோ ஒரு நாள் அந்தக் கணனியை மாற்றத்தான் வேண்டும். ஒழுங்காக அடுக்கி வைத்த கோப்புறையை அன்று அப்படியே தூக்கிப் புதியதில் வைக்கலாம்.

கடவுச்சொல்லும் இரகசியமும்

கடவுச்சொல் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கக்கூடாது. ஒரு கடதாசியில் எழுதி, கடித உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் தலைவியும் பொருளாளரும் கையொப்பமிட்டு, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். டாலியில் 'வோல்ட்' கடவுச்சொல் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதை மறந்தால் அந்தத் தரவைத் திறக்க வழியில்லை.

அதேவேளை, எங்கள் கணக்குக் கோப்புக்குள் காசு மட்டுமா இருக்கிறது? யார் எந்தத் தேவைக்குக் கடன் வாங்கினார், யாருடைய தவணை பிந்தியிருக்கிறது, அவருடைய அடையாள அட்டை இலக்கம் என்ன என்பதெல்லாம் இருக்கின்றன. தனியாக வாழும் பெண்ணின் கடன் விபரம் ஊர்க்கதை ஆகக்கூடாது. ஆகையால் கொமினிகேசன் கடைக் கணனியில் கோப்பைத் திறக்காதீர்கள். அச்செடுக்கப் போவதானால் வேறொரு பென் டிரைவில் அந்த அறிக்கையை மட்டும் கொண்டுபோங்கள். கணக்கு இருக்கும் பென் டிரைவில் பாட்டும் படமும் ஏற்றக் கொடுக்காதீர்கள். வைரஸ் அந்த வழியாகவும் வரலாம்.

காகிதத்தைக் கைவிடாதீர்கள்

கணனி வந்துவிட்டதென்று காசேட்டை மூடி வைத்த சங்கங்களுக்கு நான் சொல்வது, மாதம் ஒரு முறையாவது காசேட்டுப் பக்கத்தையும் பரீட்சை மீதியையும் அச்செடுத்து, கூட்டத்தில் வாசித்து, மூவர் கையொப்பமிட்டுக் கோவையில் போடுங்கள் என்பதுதான். வவுச்சரில் இருக்கும் இலக்கமே கணனிப் பதிவிலும் இருக்கட்டும். அப்போது கணக்காய்வாளர் திரையிலிருந்து கடதாசிக்கும், கடதாசியிலிருந்து திரைக்கும் இலகுவாகப் போய்வருவார். அந்த வன்னிச் சங்கத்தில் கையொப்பமிட்ட ஒரு மாத அறிக்கை கோவையில் இருந்திருந்தால், பொருளாளர் அதைக் காட்டியே பேசியிருக்கலாம்.

வருடம் முடிந்து கணக்காய்வும் முடிந்ததும் ஒரு முழுப் பிரதியை ஐந்தாவது தட்டில் வையுங்கள். அதை இனி யாரும் திறந்து பதியக்கூடாது. புதிய நிர்வாகம் தெரிவாகும்போது ஒரு பொறுப்பளிப்புத் தாள் எழுதுங்கள். கோப்பின் பெயர், கோப்புறை, கடைசியாகப் பதிந்த திகதி, அன்றைய கையிருப்பு, வங்கி மீதி, பிரதிகள் யார் யாரிடம் என்ற விபரம், இவ்வளவும் போதும். கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிட வேண்டும். நேர்மையாக நடந்து பதவியை விட்டுப் போகிற பெண்ணுக்கு அந்தத் தாளே பாதுகாப்பு.

இம்மாதம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கணனிக்கு முன் இருந்து, பதிகிற பிள்ளையிடம் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சி.ஆர். கொப்பியின் முதற் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதுங்கள்: கணக்கு இருக்கும் இடம், அதன் பெயர், கடைசிப் பிரதி எடுத்த நாளும் அது இருக்கும் வீடும். பிறகு நீங்களே ஒரு தடவை அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். சுட்டியைப் பிடிக்கக் கை நடுங்கினால் பரவாயில்லை. பார்ப்பதால் எதுவும் அழியாது.

செய்துவிட்டு எழுதுங்கள். எங்கே தடங்கியது என்பதையும் எழுதுங்கள். வங்கிப் புத்தகத்தையும் கணனிக் கணக்கையும் மாதக் கடைசியில் எப்படி ஒப்பிடுவது என்பதை அடுத்த மாதம் பார்ப்போம்.